பாக்கெட்டைத் திருப்பினால் பாரிஸ் தெரியும், குன்னூர் தெரியும்... தெரியுமா?

மாலையானால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் நின்றுவிடும். அப்புறம் அந்தச் சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான் சொந்தம். காந்தி சிலையைச் சுற்றி எத்தனை குழந்தைகள், எத்தனை கைகள், எத்தனை பாக்கெட்டுகள்! சிப்ஸ், மிக்சர், பிஸ்கட், ஜூஸ். எல்லோரும் பார்ப்பது பாக்கெட்டின் முகத்தை மட்டும்தான். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தக் கட்டத்துக்குள் ஒரு பிரெஞ்சுப் புரட்சி ஒளிந்திருக்கிறது. நீலகிரி மலையின் எலிக்கூண்டு ஒன்று இருக்கிறது. உங்கள் குழந்தையின் நாளைய உடம்பும் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம்!

கிராமும் கலோரியும் எந்த நாட்டுப் பிள்ளைகள் தெரியுமா?

இரண்டுமே பிரான்ஸ் நாட்டில் பிறந்தவை! புரட்சியின் சூட்டில், 1795 ஏப்ரல் 7 அன்று பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடைக்கு 'கிராம்' என்று பெயர் வைத்தது. ஊருக்கு ஓர் எடைக்கல், சந்தைக்கு ஒரு படி என்று ஏமாந்துகொண்டிருந்த ஏழைக்கு, எல்லா ஊரிலும் மாறாத ஓர் அளவு கிடைத்தது அன்றைக்குத்தான்.

கலோரி? அது பிறந்தது சமையலறையில் இல்லை. 1820-களில் பாரிஸில் நிக்கோலா கிளெமான் என்ற பேராசிரியர் நீராவி எந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? அந்த அளவுக்கு அவர் வைத்த பெயர்தான் கலோரி. எந்திரத்துக்கு வைத்த பெயர், பிறகு நம் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது!

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் அவர்களுடைய அளவுகள் இன்றைக்கும் நம் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டில் குடியிருக்கின்றன.

உணவின் கலோரியை எப்படி அளந்தார்கள் தெரியுமா?

எரித்து! ஆமாம், உணவைச் சிறு இரும்புக் கலத்துக்குள் வைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார்கள். இதற்கும் முன்பே, 1780-களின் தொடக்கத்தில், லவாய்சியர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் உட்காரவைத்தார். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று அளந்தார். உயிரோடு இருப்பதே ஒரு மெல்லிய எரிதல்தான் என்று உலகத்துக்குச் சொன்னது அந்தச் சின்னப் பிராணி!

நூறாண்டு கழித்து அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் வந்தார். மனிதன் உள்ளேயே தங்கி, உண்டு, உறங்கும் அறை ஒன்றைக் கட்டி அளந்தார். அவர் தந்த கணக்கு இன்றும் மாறவில்லை. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்த 4, 4, 9 மட்டும் நினைவில் இருந்தால் போதும். எந்த பாக்கெட்டின் கணக்கையும் நீங்களே சரிபார்க்கலாம். (பாக்கெட்டில் 'கி.கலோரி' என்று போட்டிருப்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம்.)

இந்திய உணவின் சத்துக் கணக்கு தொடங்கிய இடம் நம் குன்னூர் என்று தெரியுமா?

1918. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கியது. தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன். கால் மரத்து, இதயம் தளர்ந்து மனிதர்களைக் கொண்டுபோன நோய் பெரிபெரி. அதன் காரணம் எது தெரியுமா? வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி! தவிட்டோடு போனது தயாமின் என்ற பி1 வைட்டமின்.

மெக்கரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். முழுக்கோதுமை, பால், காய்கறி கொண்ட பஞ்சாப் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த மதராஸ் உணவோ பட்டியலின் அடித்தட்டில் நின்றது. நமக்கு உறைக்கவேண்டிய முடிவு அது.

ஆனால் நம் முன்னோரிடம் இதற்கு ஒரு பதிலும் இருந்தது: புழுங்கலரிசி! நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே பிறந்திராத காலத்தில் நம் பாட்டிகள் செய்த ரசாயனம் இது!

குன்னூர் ஆய்வுக்கூடத்தின் அடுத்த தலைவர் அய்க்ராய்டு, 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த நிறுவனம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். 2017-ல் அது வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்புச் சத்து என்று இன்று யார் எங்கே சொன்னாலும், அந்தக் கணக்கின் வேர் நீலகிரியில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சோறு புதுச்சேரியில் எப்போது வந்தது தெரியுமா?

1930-லேயே! பிரெஞ்சு நிர்வாகம் அந்த ஆண்டே இங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவைத் தொடங்கிவிட்டது. சென்னையில் நீதிக்கட்சியின் தியாகராயர் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் அதற்கும் பத்தாண்டு முன்னரே தொடங்கியிருந்தார். குழந்தை என்ன சாப்பிடுகிறது என்பது ஊரின் கவலை என்று இந்த மண் அப்போதே முடிவு செய்துவிட்டது.

பஞ்சு மிட்டாயால் இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த ஊர் எது தெரியுமா?

நம் ஊர்தான்! 2024 பிப்ரவரி. இதே கடற்கரையில் விற்ற இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயை உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்துப் பரிசோதித்தது. கிடைத்தது ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம்! அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன், தரச் சான்று வாங்கும்வரை விற்கக் கூடாது என்று தடையை அறிவித்தார். அவரே ஒரு டாக்டர். பெற்றோர் யாரும் குழந்தைகளுக்கு வாங்கித் தராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சில நாட்களில் தமிழ்நாடும் தடை விதித்தது. மார்ச்சில் கர்நாடகம், பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனிலும் சாயத்துக்குத் தடை போட்டது. ஒரு கடற்கரையில் எடுத்த மாதிரி, மூன்று இடங்களில் தடையானது!

இன்னோர் அதிசயம் கேளுங்கள். பஞ்சு மிட்டாய் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர்! வில்லியம் மாரிசன் என்பவரும் மிட்டாய் தயாரிக்கும் நண்பர் ஒருவரும் 1897-ல் அமெரிக்காவில் உருவாக்கிய எந்திரம் அது.

அந்த மிட்டாய்ப் பையை நினைத்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு முடிச்சு. பெயர் இல்லை, தேதி இல்லை, உரிம எண் இல்லை, என்ன சாயம் என்று ஒரு வரி இல்லை. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதித்த செயற்கை நிறங்கள் மொத்தமே எட்டு. அவற்றையும் எல்லா உணவிலும் போட முடியாது. போடக்கூடிய உணவுகளிலும் பெரும்பாலானவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. முகவரி இல்லாத பையில் இதையெல்லாம் யார் பார்ப்பது? லேபிள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த முடிச்சுப் போட்ட பையே பதில்.

எது முதலில் எழுதியிருக்கிறதோ, அதுதான் அதிகம். தெரியுமா?

உட்பொருள் பட்டியலின் முழு ரகசியமும் இதுதான்! எடையில் எது கூடுதலோ அது முதலில் வரவேண்டும், குறைந்தது கடைசியில். இது சட்டம். 'ராகி பிஸ்கட்' என்று முகத்தில் பெரிதாக எழுதி, கேழ்வரகுக் கதிர் படமும் போட்டிருப்பார்கள். திருப்புங்கள். முதல் சொல் மைதா என்றால் அது மைதா பிஸ்கட்! ராகி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டால் அது எத்தனை சதவீதம் என்றும் பட்டியலில் எழுதியே ஆகவேண்டும். முகத்தில் கை அகலத்துக்கு இருக்கும் ராகி, முதுகில் சில நேரம் ஒற்றை இலக்கத்தில் சுருங்கிக் கிடக்கும்!

சர்க்கரைக்கு எத்தனை மாறுவேடம் தெரியுமா?

சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், மால்ட் சாறு, தேன், வெல்லம், செறிவூட்டிய பழச்சாறு... எல்லாம் ஒரே குடும்பம்! ஒரே பொருளாகப் போட்டால் சர்க்கரை பட்டியலில் முதலில் வந்து நிற்கும். மூன்று நான்கு பெயரில் பிரித்துப் போட்டாலோ ஒவ்வொன்றும் கீழே கீழே பதுங்கிவிடும். அதனால் பட்டியலில் தேடுங்கள். தேடியதைக் கூட்டிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது என்ன? நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. இப்போது ஒரு கூல்டிரிங்க் பாட்டிலை எடுங்கள். 100 மி.லி.க்கு சர்க்கரை 11 கிராம் என்று போட்டிருந்தால், 250 மி.லி. பாட்டிலில் 27.5 கிராம். டீஸ்பூன் கணக்கில் ஐந்தரை! யாராவது உங்கள் டம்ளரில் ஐந்தரை ஸ்பூன் சர்க்கரை போட்டால் குடிப்பீர்களா?

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்றால் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். மணமும் கொஞ்சம் தாதுச் சத்தும் கூடுதல், உண்மைதான். ஆனால் உடம்பு அதையும் சர்க்கரைக் கணக்கில்தான் வரவு வைக்கிறது.

'சுகர் ஃப்ரீ' என்றால் சுகருக்கு நல்லது என்று அர்த்தமா?

எங்கள் தெருவில் ஓர் ஆயா. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். பேத்தி ஆசையாக 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் வாங்கி வந்தாள். ஆயா ஒரே மூச்சில் ஆறு சாப்பிட்டுவிட்டார். "சக்கர இல்லன்னுதானம்மா போட்டிருக்கு" என்றார் என்னிடம். நானும் பேத்தியும் பாக்கெட்டைத் திருப்பினோம். சர்க்கரை வரியில் பூஜ்ஜியம்தான். அதற்கு மேல் வரியில் மாவுச்சத்து, நூற்றுக்கு அறுபதுக்கு மேல்! முதல் உட்பொருள் மைதா. ஆயாவுக்கு அந்த எண்ணைச் சோறாக மாற்றிச் சொன்னேன். "அப்படின்னா நான் ஒரு வேள சோறு தின்னுட்டு, அதுக்கு மேல ராத்திரி சோறும் தின்னிருக்கேன்" என்றார். அவர் புரிந்துகொண்டது சரி.

100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போடலாம். சட்டம் அதோடு நின்றுவிடுகிறது. மைதாவையும் கொழுப்பையும் நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

பாக்கெட்டின் சத்துக் கட்டத்தில் உப்பு என்ற சொல்லே இருக்காது. தெரியுமா?

சத்து அட்டவணையில் தேடினால் கிடைக்காது! அங்கே அதன் பெயர் சோடியம், அதுவும் மில்லிகிராமில். இதோ சூத்திரம்: சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள். 100 கிராம் மிக்சரில் சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2000 மில்லிகிராம், அதாவது 2 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் நமக்குச் சொன்ன அளவு 5 கிராமுக்குள். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே கொறித்த மிக்சரில் நாற்பது சதவீதம் முடிந்தது! அப்புறம் சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாடு? வீராம்பட்டினத்துக் கருவாட்டுக்கு லேபிள் கிடையாது, நாக்குதான் லேபிள். குழம்பில் கருவாடு போடும் நாளில் உப்பைக் குறைத்துப் போடும் வீட்டுப் பெண்களுக்குச் சோடியம் என்ற சொல் தெரிந்திருக்கவேண்டியதில்லை.

உப்பு என்றதும் நமக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் வரும். அந்த வெள்ளைக் குவியல் பாக்கெட்டுக்குள் போகும்போது அயோடின் சேர்ந்திருக்கவேண்டும். நம் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்கவேண்டும். அயோடின் உப்புப் பையில் சிரிக்கும் சூரியன் ஒன்று இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் அடையாளம். கழுத்துக் கழலை வராமல் காக்கும் சூரியன்!

மஞ்சள்தூளுக்கு ஒரு நம்பர் உண்டு. தெரியுமா?

ஐ.என்.எஸ். 100! மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறத்தின் உலக எண் அது. பாக்கெட்டில் நம்பரைப் பார்த்தாலே விஷம் என்று பதற வேண்டியதில்லை. 300 என்றால் வைட்டமின் சி. 330, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 500 என்றால் நம் வீட்டு ஆப்பசோடா குடும்பம். 290 என்பது சோடாவில் பொங்கும் வாயு. ஆனால் 102 என்று இருந்தால் அது டார்ட்ராசின் என்ற செயற்கை மஞ்சள். 211 என்றால் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தி. 621 என்றால் அஜினோமோட்டோ. நம்பரைக் கண்டு பயப்படாதீர்கள், எத்தனை நம்பர் என்று எண்ணுங்கள். பட்டியலில் உணவை விட நம்பர் அதிகமா? கீழே வைத்துவிடுங்கள்.

புதுச்சேரிப் பால் பாக்கெட்டில் ஒரு பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. தெரியுமா?

பாண்லே! பாண்டிச்சேரியின் 'பாண்', பிரெஞ்சில் பாலுக்குச் சொல்லும் 'லே'. தினமும் காலையில் வாசலில் விழும் சொல்! பாலை வாங்கும்போது பாக்கெட்டின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் மாறாது. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம். டபுள் டோன்டு பாலில் 1.5. ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5. ஃபுல் கிரீம் பாலில் 6. வளரும் பிள்ளைக்கு எது, ரத்தக் கொழுப்புள்ள தாத்தாவுக்கு எது என்று இந்த நான்கு எண்ணை வைத்தே பிரித்துவிடலாம்.

அதே போல ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் என்று முழுப்பெயர் போட வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்கவேண்டும். தாவர எண்ணெயில் செய்ததென்றால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் போட முடியும். கடற்கரையில் வாங்கும் கோனில் எந்தப் பெயர் இருக்கிறது? இன்று மாலையே பாருங்கள்!

ரொட்டிக்குப் பிரான்ஸில் ஒரு சட்டம். தெரியுமா?

1993-ல் போட்டார்கள். 'பிரெஞ்சுப் பாரம்பரிய ரொட்டி' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு. இவைதான் முக்கியம், பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் கூடாது! 2022-ல் அந்த நீள ரொட்டி செய்யும் கலை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. புதுவை பேக்கரிகளில் விடியற்காலையில் அந்த நீள ரொட்டியின் மணம் தெருவுக்கு வரும்போது, மறுநாளே அது கல்லாகிவிடுமே என்று வருத்தப்படாதீர்கள். சீக்கிரம் காய்ந்துபோவது நல்ல ரொட்டியின் குணம். வாரக்கணக்கில் பஞ்சாக இருக்கும் ரொட்டியைத் திருப்பிப் பாருங்கள், 282 என்ற பதப்படுத்தி எண் அநேகமாக இருக்கும். 'பிரவுன் பிரெட்' நிறத்தையும் நம்பவேண்டாம். 150 என்ற எண் இருந்தால் அந்தப் பழுப்பு கேரமல் நிறத்திலிருந்து வந்தது. முதல் சொல் முழுக்கோதுமை மாவா என்று மட்டும் பாருங்கள்.

சட்டென்று சில அதிசயங்கள்!

• சைவத்துக்குப் பச்சை வட்டம் தெரியும். அசைவத்துக்கு 2020 விதிகளின்படி பழுப்பு முக்கோணம்! நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் வடிவத்தை வைத்தே கண்டுகொள்ளலாம்.

• கட்டத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி இருந்தால் அது மனிதர் சாப்பிடுவதற்கு இல்லை. விளக்கேற்றும் எண்ணெய் சட்டிக்குள் போகாமல் காக்கும் குறி அது!

• பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இல்லையா? வாங்காதீர்கள்.

• 2020 அக்டோபர் முதல், ஸ்வீட் கடையில் தட்டில் அடுக்கிவைத்த லட்டு, ஜாங்கிரிக்கும் எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதியைக் காட்டவேண்டும். நேரு வீதியில் மிட்டாய் வாங்கும்போது கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

• வனஸ்பதி, மார்கரின் வகைகளில் ஒளிந்திருக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மார்கரினைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே: மேஜ்-மூரியே, 1869.

• 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பரிமாறல் 30 கிராம், பாக்கெட் 150 கிராம் என்றால் எல்லா எண்ணையும் ஐந்தால் பெருக்குங்கள்.

• 'ஹெல்த் டிரிங்க்' என்று நம் உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது! 2024-ல் அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை நீக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது.

• செறிவைத் தண்ணீரில் கரைத்த சாற்றை '100 சதவீதம் பழச்சாறு' என்று சொல்லாதே என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு டாக்டரின் பிடிவாதம் ஒரு சொல்லை மீட்டது. தெரியுமா?

ஓ.ஆர்.எஸ். பேதியில் துவளும் குழந்தையைக் காப்பாற்றும் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இன்னும் இரண்டு தாது உப்புகள்: இதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் அதே மூன்றெழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, பல மடங்கு சர்க்கரை கொண்ட பானங்கள் மருந்துக்கடை வரை வந்து நின்றன. பேதி உள்ள குழந்தைக்கு அளவு மீறிய சர்க்கரை போனால் பேதி கூடும்! ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டு விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் உத்தரவிட்டது: அந்த அளவுக்குப் பொருந்தாத எந்தப் பானமும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது. லேபிளின் முதுகைப் படித்த ஒருவர், லேபிளின் முகத்தையே மாற்றிவிட்டார்!

பிரான்ஸிலிருந்து வரும் பெட்டியில் ஓர் எழுத்து. கவனித்திருக்கிறீர்களா?

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த 'சொல்தா' குடும்பங்கள் எத்தனை! விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து சித்தப்பா வருவார், பெட்டி திறக்கும், பிஸ்கட்டும் தானியப் பெட்டியும் வெளியே வரும். அந்தப் பெட்டிகளின் முகத்திலேயே பல நேரம் ஐந்து வண்ணக் கட்டம் இருக்கும், 'ஏ' முதல் 'ஈ' வரை. 'ஏ' கரும்பச்சை, உடம்புக்கு நல்லது. 'ஈ' சிவப்பை நெருங்கிய நிறம், எப்போதாவது போதும். நியூட்ரி-ஸ்கோர்! பேராசிரியர் செர்ஜ் எர்க்பெர்க் குழுவின் ஆராய்ச்சியில் பிறந்து, 2017-ல் பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட அடையாளம். சிலி நாடு 2016-லேயே ஒரு படி மேலே போனது. சர்க்கரையோ உப்போ கூடினால், முகத்திலேயே கறுப்பு எண்கோணம்!

நம் நாட்டில்? 2022-ல் ஆணையம் நட்சத்திர மதிப்பீட்டு முறையை முன்வைத்தது. முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று வந்த வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் கொடுத்து முடிவுக்கு வரச் சொன்னது. முகத்திலேயே உண்மை எழுதும் நாள் வரும்வரை, முதுகைத் திருப்புவது நம் கையில்தான் இருக்கிறது.

லேபிளே தேவையில்லாத உணவு எங்கே கிடைக்கும் தெரியுமா?

பெரிய மார்க்கெட்டில்! பதப்படுத்தாத காய், கீரை, பழம், பச்சை மீனுக்குச் சத்து அட்டவணை போடச் சட்டமே வற்புறுத்துவதில்லை. ஒரே பொருள், அதன் பெயர்தான் அதன் பட்டியல். ஒரு கட்டு முருங்கைக்கீரை, கால் கிலோ மத்தி, நாலு கொய்யா. பையில் இவை முதலில் விழுந்தால், பாக்கெட்டுக்கு இடம் தானாகக் குறையும்.

கடைசியாக, இது தெரியுமா?

இந்திய உணவு லேபிள் ஆங்கிலத்தில் இருக்கலாம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கலாம். தமிழில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் தெரு ஆயாவுக்கு அந்தக் கட்டம் முழுக்க இருட்டு. இருபது வருடம் சர்க்கரை நோயோடு வாழ்ந்தும், தான் தின்னும் பொருளில் என்ன இருக்கிறது என்று அவரால் படிக்க முடிந்ததில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விற்கும் பாக்கெட்டில் தமிழும் கட்டாயம் வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும், உரக்கக் கேட்கவேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தை இன்றே தொடங்குங்கள். கடையிலிருந்து வந்ததும் பிள்ளைகளிடம் பாக்கெட்டைக் கொடுங்கள். நான்கே நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள்: முதல் உட்பொருள் எது, சேர்த்த சர்க்கரை எவ்வளவு, சோடியம் எவ்வளவு, தேதி எது. ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் கேட்கிற மாதிரி, தமிழில், சத்தமாக. எங்கள் தெருப் பேத்தி இப்போது அப்படித்தான் படிக்கிறாள். ஆயா கேட்டுவிட்டு, வேண்டும் வேண்டாம் என்று தானே முடிவு சொல்கிறார்.

உங்கள் வீட்டு பாக்கெட்டையும் திருப்பிப் படியுங்கள். இன்றைக்கே!